பெட்ரோல் பங்க் வேலையை நம்பி மகளை அமெரிக்கா அனுப்பலாமா?

கோத்தகிரி பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் ஓர் அண்ணன் கேட்ட கேள்வி இது. சுருக்கித் தருகிறேன். மகள் கோவையில் பி.இ. முடித்துவிட்டாள், அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஏஜென்ட் ஒருவர், "ஸ்டூடண்ட் விசா கைக்கு வந்தால் போதும், போய்ச் சேர்ந்த மாதமே பெட்ரோல் பங்க்கிலோ கடையிலோ வேலை வாங்கித் தருகிறோம், வாடகையும் சாப்பாடும் அதிலேயே ஓடிவிடும், படிப்பு முடிந்ததும் மூன்று வருடம் வேலை உறுதி" என்கிறாராம். அந்த வேலைக்குத் தனியாக முன்பணமும் கேட்கிறாராம். இது உண்மையா, எதை நம்புவது?

அண்ணா, பெட்ரோல் பங்க் கதை பொய். அதை நம்பிப் போனால் பிள்ளை படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். மூன்று வருடம் என்பதில் உண்மை உண்டு. ஆனால் அதில் "உறுதி" என்ற சொல்லுக்கு இடமில்லை. குன்னூருக்குத் திரும்பி வருவதற்கு முன், அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஏழு வருடம் இருந்தேன். அங்கே என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அழுதவர்களில் பாதிப்பேர், "ஏஜென்ட் அப்படிச் சொல்லவில்லையே" என்றவர்கள்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். விசா என்பது பாஸ்போர்ட்டில் ஒட்டும் ஸ்டிக்கர். அதை வைத்து அந்த ஊர் விமான நிலையத்தில் உள்ளே விடச் சொல்லிக் கேட்கலாம், அவ்வளவுதான் அதன் வேலை. நம் மாணவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்து வருடத்துக்குக் கொடுப்பார்கள். உள்ளே போன பிறகு அவளைச் சட்டப்படி மாணவியாக வைத்திருப்பது ஐ-20 என்ற தாள். பல்கலைக்கழகம் தருவது, மூன்று பக்கம். முதல் பக்கத்தில் பெயர், 'என்' என்ற எழுத்தில் தொடங்கும் செவிஸ் எண் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவு எண்), படிப்பு தொடங்கும் தேதி, முடியும் தேதி, ஒரு வருடச் செலவு, அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற விவரம் எல்லாம் இருக்கும். இரண்டாம் பக்கத்தில் வேலை அனுமதிக்கென்று ஒரு கட்டம் உண்டு. முதல் நாள் அது வெறுமையாக இருக்கும். கல்லூரிக்கு வெளியே செய்யும் பயிற்சி வேலை எதுவானாலும் முதலில் அந்தக் கட்டத்தில் பதிவாக வேண்டும். அங்கே ஒரு வரியும் இல்லை, தனி அனுமதிக் கார்டும் இல்லை என்றால் அவள் கல்லூரி வளாகத்துக்குள் மட்டும்தான் வேலை பார்க்கலாம். பெட்ரோல் பங்க் வளாகத்துக்குள் இருக்காது. ஏஜென்ட் சொல்வதைச் சரிபார்க்க இதுவே போதும்.

வளாகத்துக்குள் என்றால் நூலகம், உணவுக்கூடம், ஆய்வகம், விடுதி வரவேற்பு மேசை போன்ற இடங்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், நீண்ட விடுமுறையில் முழு நேரம். அந்த 20 மணி எல்லா வேலையும் சேர்த்து. எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு பையன் உணவுக்கூடத்தில் 12 மணி, நூலகத்தில் 10 மணி என்று ஒரு செமஸ்டர் முழுக்க வேலை பார்த்திருந்தான். இரண்டும் தனித்தனியாக 20-க்குக் கீழேதானே என்பது அவன் கணக்கு. சம்பளப் பட்டியலைச் சேர்த்துப் பார்த்தபோது வாரத்துக்கு 22 வந்தது. அவனுடைய மாணவர் நிலை ரத்தானது. சாதாரணத் தவறு என்றால் அந்த நிலையைத் திரும்பக் கேட்டு மனுப் போட வழி உண்டு. அனுமதியில்லாத வேலை என்றால் அந்தக் கதவும் மூடிவிடும். ஊருக்கு வந்து புது ஐ-20 வாங்கி மறுபடி போனான், ஒரு வருடம் வீண். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கூடுதல், அதற்கு இந்த விலை.

இந்த வேலையில் வருமானம் எவ்வளவு என்று கேட்பீர்கள். மணிக்கு 12 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மணிக்கு 240 டாலர். 15 வார செமஸ்டருக்கு 3,600 டாலர். ஐ-20-ல் ஒரு வருடச் செலவு 40,000 டாலர் என்று போட்டிருந்தால் இது மளிகைக்கும் போனுக்கும்தான் ஆகும். அந்த வேலையும் போன உடனே கிடைத்துவிடாது. முதல் செமஸ்டரில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அதனால் முதல் வருடத்துக்கு அவள் சம்பாத்தியம் பூஜ்யம் என்றே கணக்குப் போடுங்கள். உதவி ஆசிரியர் அல்லது ஆய்வு உதவியாளர் பணி கிடைத்தால் கட்டணத்தில் சலுகையும் சேரும், அது வேறு கதை. அதுவும் இந்த 20 மணிக்குள்தான் அடங்கும்.

பணம் என்றதும் நம் மலைக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. ஐ-20 தர பல்கலைக்கழகம் கேட்பது உடனே எடுக்கக்கூடிய பணம்: வங்கி இருப்பு, வைப்பு நிதி, கல்விக்கடன் ஒப்புதல் கடிதம். தேயிலைத் தோட்டத்துக்கு மதிப்பீட்டாளர் எத்தனை லட்சம் எழுதிக் கொடுத்தாலும் அதைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். சரி, தோட்டத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாமே என்று வங்கிக்குப் போனால், ஏழரை லட்சத்துக்கு மேல் பிணை கேட்பார்கள், ஆனால் விவசாய நிலம் என்றால் தயங்குவார்கள். கடனை வசூலிக்க வங்கிகள் கையில் வைத்திருக்கும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது, அதுதான் காரணம். வீடு, வீட்டுமனை, வைப்பு நிதி என்றால் பேச்சு எளிதாக முடியும். கூடலூர், பந்தலூர் பக்கம் இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுடையது ஜன்மம் நிலத்தில் பிரிவு 17-ல் வருவது என்றால், பட்டா இல்லாத அந்த நிலத்தை நம்பி அட்மிஷன் பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் கடன் கடிதத்தைக் கையில் வாங்குங்கள்.

உங்களுக்கு இன்ட்கோ கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து மாதாமாதம் பச்சைத்தேயிலைப் பணம் வங்கிக்கு வருகிறதா? அந்தப் பாஸ்புக்கை மறைக்க வேண்டாம். திடீரென்று யாரோ பத்து லட்சம் போட்டு எடுத்த கணக்கைவிட, வருடக்கணக்காகச் சிறிது சிறிதாக வரவு உள்ள கணக்குக்குத்தான் மரியாதை.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் மாட்டுவது இங்கேதான். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இன்ஷியல்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, 'கவிதா கிருஷ்ணன்' என்று முழுவதையும் பெயர் கட்டத்திலேயே போட்டிருந்தால், அமெரிக்க விசாவில் அது முழுவதும் குடும்பப்பெயராகிவிடும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். அப்புறம் ஓட்டுநர் உரிமம், வங்கி, சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் அந்த மூன்றெழுத்து அவள் பின்னாலேயே வரும். எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண்ணை வருகைப் பதிவேட்டைப் பார்த்து 'ஃபுனூ' என்றே ஒரு பேராசிரியர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்போதே பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். நேரம் இருந்தால் அப்பா பெயரைக் குடும்பப்பெயர் கட்டத்துக்கு மாற்றி மறுவெளியீடு வாங்குங்கள். அப்புறம் ஐ-20-யில் உள்ள பெயர் அதற்கு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

விசாவுக்கான படிகளை ஏஜென்டே சொல்லியிருப்பார். செவிஸ் கட்டணம் 350 டாலர், டிஎஸ்-160 படிவம், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். கட்டும் நாளில் அரசின் தளத்தில் தொகையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கைரேகை ஒரு நாள், நேர்காணல் இன்னொரு நாள். படிவத்தில் ஐந்து வருடச் சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்பார்கள். 2025 ஜூனிலிருந்து அந்தக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கவும் சொல்கிறார்கள். ஒரு கணக்கையும் விடாமல் எழுதட்டும். படிவத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் அதற்குப் பொறுப்பு அவளுடையது, எனவே கடைசி வரி வரை அவளே படிக்க வேண்டும்.

நேர்காணல் சென்னை ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தில். மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலை சென்ட்ரல் போய்விடலாம்தான். ஆனால் மழைக்காலத்தில் மலைப்பாதையில் ஒரு மரம் விழுந்தாலும் ரயில் போய்விடும். ஒரு நாள் முன்னதாகவே இறங்கிவிடுங்கள். உள்ளே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே பேச வேண்டும், பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம். ஏன் இந்தப் பல்கலைக்கழகம், யார் பணம் கட்டுகிறார்கள், அப்பா என்ன செய்கிறார், இப்படித்தான் கேள்விகள் வரும். "எங்களுக்குக் கோத்தகிரியில் இரண்டு ஏக்கர் தேயிலை, அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை, வங்கிக் கடன் இத்தனை லட்சம்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். ஏஜென்ட் மனப்பாடம் செய்யவைத்த ஆங்கிலப் பத்தியை ஒப்பித்தால் எதிரே இருப்பவருக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். அதே பத்தியை அன்று காலையில் நாலு பேர் சொல்லியிருப்பார்கள்! மறுத்தால் பெரும்பாலும் 214(பி) என்ற பிரிவைக் காட்டுவார்கள். படித்து முடித்துத் திரும்பி வருவாள் என்று நம்பிக்கை வரவில்லை என்பது அதன் பொருள். மறுபடி விண்ணப்பிக்கலாம், அது தடையல்ல. "அங்கே வேலை பார்த்துச் செலவைச் சமாளிப்பேன்" என்று அவள் வாயால் சொல்லிவிட்டால் போச்சு. ஏஜென்ட் சொல்லிக்கொடுத்த அதே வாக்கியம்தான் அந்த ஜன்னலில் அவளுக்கு எதிராக நிற்கும்.

இனி வளாகத்துக்கு வெளியே உள்ள வேலை. இரண்டு வழி. ஒன்று சிபிடி, படிப்பின் பகுதியாக நடக்கும் பயிற்சி, பொதுவாகக் கோடை இன்டர்ன்ஷிப். ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்த பிறகுதான் தருவார்கள். பாடத்திட்டமே முதல் நாளிலிருந்து பயிற்சியைக் கட்டாயமாக்கும் சில முதுகலைப் படிப்புகளுக்கு மட்டும் விலக்கு. பல்கலைக்கழகத்தில் டிஎஸ்ஓ என்ற அதிகாரி ஒருவர் இருப்பார். இதை அனுமதிப்பவர் அவர்தான். எந்த நிறுவனம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று ஐ-20-யின் அந்த வெறுமைக் கட்டத்தில் அச்சாகி வரும். நிறுவனம் மாறினால் புதிதாக வாங்க வேண்டும். முழு நேர சிபிடியை 12 மாதம் எடுத்துவிட்டால், படிப்பு முடிந்தபின் துறை சார்ந்த வேலை பார்க்கக் கிடைக்கும் ஓபிடி என்ற அனுமதி போய்விடும்.

அந்த விலக்கைக் காட்டி "முதல் நாளிலிருந்தே சிபிடி, வகுப்புக்கு எப்போதாவது போனால் போதும்" என்று விளம்பரம் செய்யும் கல்லூரிகள் உண்டு. அங்கே காலை வைக்காதீர்கள். கலிஃபோர்னியாவின் ட்ரை-வேலி பல்கலைக்கழகத்தை 2011-ல் மூடியபோது நம் நாட்டுப் பிள்ளைகள் சிலரின் காலில் கண்காணிப்புக் கருவி மாட்டினார்கள், நினைவிருக்கலாம். 2019-ல் அம்பலமான மிச்சிகன் மாநிலத்து ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேல். அதை நடத்தியதே அரசின் புலனாய்வு அதிகாரிகள். வகுப்பே நடக்காத கல்லூரியில் வேலை அனுமதிக்காகச் சேர்ந்தவர்களைப் பிடிக்க வைத்த கண்ணி அது. மாட்டியவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள்.

இரண்டாவது வழி ஓபிடி. ஏஜென்ட் சொல்லும் மூன்று வருடம் இதுதான். ஒவ்வொரு பட்ட நிலைக்கும் 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்த படிப்பு என்றால் மேலும் 24 மாதம். உங்கள் மகள் படிப்பு அதில் வருமா என்பதைப் படிப்பின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐ-20 முதல் பக்கத்தில் படிப்பின் பெயருக்குப் பக்கத்தில் சி.ஐ.பி. என்று ஒரு எண் இருக்கும். கணினி அறிவியல் என்றால் 11.0701 போல. அரசின் பட்டியலில் அந்த எண் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஏறக்குறைய ஒரே பெயருள்ள இரண்டு மேலாண்மைப் படிப்புகளில் ஒன்றுக்கு 24 மாதம் கிடைக்கும், மற்றதற்குக் கிடைக்காது. சேருவதற்கு முன்பே பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் போட்டு எண்ணைக் கேட்டு வாங்கிவிடலாம். கேட்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

ஓபிடியில் எல்லாமே தேதிக் கணக்கு. படிப்பு மே 15-ல் முடிகிறது என்று வையுங்கள். அதற்கு 90 நாள் முன்பு, அதாவது பிப்ரவரி 14-லிருந்து விண்ணப்பிக்கலாம். முடிந்த பிறகு 60 நாள் வரை, ஜூலை 14-க்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முதலில் டிஎஸ்ஓ கணினியில் பரிந்துரை செய்வார், அந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ஐ-765 படிவத்தைக் குடியேற்றத் துறைக்கு அனுப்ப வேண்டும். இணையத்தில் கட்டணம் 470 டாலர், தாளில் 520. பிறகு இஏடி என்ற பிளாஸ்டிக் வேலை அனுமதிக் கார்டு வரும், நம் ரேஷன் ஸ்மார்ட் கார்டு அளவு. அதில் போட்டிருக்கும் தொடக்கத் தேதிக்கு முன்னால் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக்கூடாது. கம்பெனி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி, "சம்பளம் அப்புறம் வாங்கிக்கொள்கிறேன்" என்று அவளே சொன்னாலும் சரி.

அந்தத் தொடக்கத் தேதியிலிருந்து இன்னொரு கடிகாரமும் ஓட ஆரம்பிக்கும். முதல் 12 மாதத்தில் வேலையில்லாமல் இருக்கும் நாட்கள் மொத்தம் 90-ஐத் தாண்டக்கூடாது. சனி, ஞாயிறும் அதில் சேரும். நீட்டிப்பு கிடைத்தால் கூடுதலாக 60, ஆக மொத்தம் 150. தாண்டினால் மாணவர் நிலையே போய்விடும். அதனால்தான் "உறுதி" என்ற சொல் பொய் என்கிறேன். வேலை தேடும் அனுமதியை அரசு தருகிறது, வேலையை அவள்தான் தேட வேண்டும். அதுவும் படித்த துறையில், வாரத்துக்குக் குறைந்தது 20 மணி. கணினி படித்துவிட்டுக் கடையில் கல்லாப்பெட்டி பார்த்தால் அது கணக்கில் வராது. வேலை கிடைக்காதவர்களிடம் "எங்கள் கம்பெனி பெயரைப் போட்டுக்கொள், மாதம் இவ்வளவு கொடு" என்று வருபவர்கள் உண்டு. அது மோசடி. பின்னால் விசா, எச்-1பி என்ற வேலை அனுமதி எது கேட்டாலும் அந்தக் கம்பெனி பெயர் தோண்டி எடுக்கப்படும்.

24 மாத நீட்டிப்புக்கு வேலை தரும் நிறுவனம், பணியாளரின் வேலை அனுமதியை அரசிடம் சரிபார்க்கும் 'ஈ-வெரிஃபை' முறையில் பதிந்திருக்க வேண்டும், ஐ-983 என்ற பயிற்சித் திட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் கார்டு முடிவதற்குள் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை 180 நாள் வரை வேலையைத் தொடரலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விவரம் சரிதானா என்று டிஎஸ்ஓ-விடம் உறுதி செய்ய வேண்டும், வீடு மாறினால் 10 நாளுக்குள் முகவரி சொல்ல வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் மறந்தவர்கள் நிறைய. அதற்கப்புறம் எச்-1பி. வருடத்துக்கு 65,000 பேருக்கு, அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000. கேட்பவர்கள் அதைவிட மிக அதிகம் என்பதால் பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டால்தான் உண்டு. 2025 செப்டம்பரில் புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அதிபர் ஆணை வந்தது. அங்கேயே இருந்து மாணவர் நிலையிலிருந்து மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று குடியேற்றத் துறை பிறகு விளக்கம் கொடுத்தது. இதையெல்லாம் இப்போதே யோசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வருடத்தில் விதி எத்தனை முறை மாறுமோ.

"அப்போ கனடா போகட்டுமா, ஆஸ்திரேலியா போகட்டுமா" என்று அடுத்து கேட்பீர்கள். அங்கெல்லாம் வெளி வேலைக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. வகுப்புக் காலத்தில் கனடாவில் வாரத்துக்கு 24 மணி, ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி, பிரிட்டனில் பட்டப்படிப்புக்கு வாரம் 20 மணி, ஜெர்மனியில் வருடத்துக்கு 140 முழு நாள். பெட்ரோல் பங்க்கிலும் பார்க்கலாம். ஏஜென்ட் அந்த நாட்டு விதியை இந்த நாட்டுக்கு ஒட்டுப் போட்டிருக்கலாம் என்பது என் சந்தேகம். அந்த முன்பணத்தைக் கொடுக்க வேண்டாம் அண்ணா. கொடுத்துவிட்டீர்கள் என்றால், எந்த வேலை, எந்த விதியின்கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரமாட்டார், அப்போது திருப்பிக் கேட்கலாம்.

மகளிடம் தனியாகச் சொல்ல வேண்டியவை மூன்று. அறைத்தோழியின் கணக்கில் உணவு டெலிவரி செய்வது, தெரிந்தவர் கடையில் கையில் காசு வாங்கிக்கொண்டு நிற்பது, இணையத்தில் யாருக்கோ புரோகிராம் எழுதிக் காசு வாங்குவது, எதுவும் வேண்டாம். ஊருக்கு விடுமுறைக்கு வரும்முன் ஐ-20 இரண்டாம் பக்கத்தில் டிஎஸ்ஓ-வின் பயணக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கட்டும். படிக்கும்போது ஒரு வருடம் செல்லும், ஓபிடியில் ஆறு மாதம்தான். மூன்றாவது, வருமான வரி விஷயம். முதல் ஐந்து காலண்டர் வருடத்துக்கு அவள் சம்பளத்தில் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரியான 7.65 சதவீதத்தைப் பிடிக்கக்கூடாது. நிறுவனங்கள் தெரியாமல் பிடித்துவிடும், கேட்டுத் திரும்ப வாங்கலாம். இந்திய மாணவர்களுக்கு மட்டும் இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவில் நிலையான கழிவு கிடைக்கும், சீன மாணவர்களுக்குக்கூட அது இல்லை. ஒரு டாலரும் சம்பாதிக்காத வருடத்திலும் 8843 என்ற படிவத்தை ஜூன் 15-க்குள் தபாலில் அனுப்ப வேண்டும். இரண்டு பக்கம்தான், அரை மணி நேர வேலை.